பிப்ரவரிக் கவலைகள்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சற்றே திருத்தப்பட்டது.)



விளையாட்டைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று அழைத்தார்கள். பேஸ்பால் பற்றிப் பேசுகிறேன் என்றதும் தொலைபேசியின் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அமெரிக்காவுல ஆடுவாங்களே, கிரிக்கெட் மாதிரி, அதுவா சார்?" என்றார் செயலாளர். அதுவேதான். ஆனால் இன்று ஆட்டத்தைப் பற்றிக்கூட நான் அதிகம் பேசப்போவதில்லை. ஆட்டமே நடக்காத மாதங்களைப் பற்றித்தான் பேச்சு. நவம்பரிலிருந்து மார்ச் வரைக்கும் மைதானம் பூட்டிக் கிடக்கும். அப்போது ஒரு ரசிகன் என்ன செய்கிறான்? கவலைப்படுகிறான். அந்தக் கவலையை எப்படிப் படவேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு மனிதரைப் பற்றியும், 2004 பிப்ரவரியில் அவர் எழுதிய ஒரு பட்டியலைப் பற்றியும் சொல்கிறேன்.

1999 முதல் பதினோரு ஆண்டுகள் பாஸ்டனுக்கு வடக்கே மால்டன் என்ற ஊரில் குடியிருந்தேன். அந்தப் பக்கத்தில் மூன்றடுக்கு மரவீடுகள் அதிகம். அடுக்குக்கு ஒரு குடித்தனம், ஆளுக்கொரு பின்வராந்தா. நான் நடு அடுக்கு. கீழே வீட்டுக்காரர். தபால்துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் வேறு மாநிலங்களில். வாடகை கொடுக்கக் கீழே இறங்கியவன் ஒருநாள் அவர் சமையலறையில் உட்கார்ந்துவிட்டேன். வானொலியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சியும் ஓடியது, ஆனால் சத்தத்தை அணைத்திருந்தார். படத்துக்குத் தொலைக்காட்சி, பேச்சுக்கு வானொலி. வானொலியில் வர்ணனை செய்பவர் நம் அணிக்காரர், தொலைக்காட்சியில் இருப்பவன் யாருக்கோ பிறந்தவன் என்றார். அன்றிலிருந்து நானும் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் ரசிகன். தேர்ந்தெடுத்து ஆனதில்லை, வாக்கப்பட்டதுதான்.

ஆட்டத்தைப் பற்றி இரண்டே செய்திகள் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கவலை புரியாது. முதலாவது, ஆண்டுக்கு ஒவ்வோர் அணியும் 162 ஆட்டங்கள் ஆடும். ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் முடிய, அநேகமாகத் தினமும். எவ்வளவு பெரிய அணியானாலும் ஓர் ஆண்டில் நாற்பது ஆட்டமாவது தோற்கும். ஆகவே நேற்றுத் தோற்றதைப் பற்றி அழுதுகொண்டிருக்க நேரமில்லை, இன்று மாலை அடுத்தது. இரண்டாவது, எல்லாம் பந்து எறிபவனின் தோள்பட்டையில் இருக்கிறது. பிட்சர் என்பார்கள். ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பிட்சர்கள் ஓர் அணியில் ஐந்து பேர். ஒருவன் எறிந்தால் அடுத்து அவன் முறை ஐந்தாம் நாள்தான், வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்த மாதிரி. நூறு பந்து தாண்டினால் கை தளரும். அப்போது அவனை எடுத்துவிட்டு வேறொருவனை விடவேண்டும். எப்போது எடுப்பது என்பதுதான் மேனேஜர் சம்பளம் வாங்குவதற்கான காரணம்.

இப்போது 2003 அக்டோபர் 16-க்கு வருவோம்.

அன்றிரவு நியூயார்க்கில் யாங்கீஸ் அணியோடு ஏழாவது ஆட்டம். ஆளுக்கு மூன்று வென்றிருந்தார்கள். இதில் வென்றவர் உலகத் தொடருக்கு, அதாவது இறுதிப் போட்டிக்கு, போவார். எட்டாவது இன்னிங்ஸில் ரெட் சாக்ஸ் 5–2 என்று முன்னால். பந்து எறிபவர் பெட்ரோ மார்ட்டினெஸ். டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்த ஒல்லியான மனிதர். அந்தக் காலத்தில் அவரைவிடச் சிறந்த பிட்சர் உலகில் கிடையாது என்றே சொல்லலாம். ஆனால் நூறு பந்து தாண்டியாயிற்று. வரிசையாக அடி விழுகிறது. மேனேஜர் கிரேடி லிட்டில் நடந்து போகிறார், பெட்ரோவிடம் ஏதோ கேட்கிறார், அவரை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பி வருகிறார்.

வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். கத்தவில்லை. மேசைமேல் இருந்த தேநீர்க் கோப்பையை எடுத்துக் கழுவி, துடைத்து, அலமாரியில் வைத்தார். பாதித் தேநீர் அதில் இருந்தது. அவர் திரும்பி வருவதற்குள் ஆட்டம் 5–5. நள்ளிரவு தாண்டி, பதினோராவது இன்னிங்ஸில், யாங்கீஸின் ஏரன் பூன் முதல் பந்தையே இடப்பக்க இருக்கைகளுக்குள் அடித்தார், ஹோம் ரன். முடிந்தது. வீட்டுக்காரர் வானொலியை அணைத்துவிட்டு என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "பின்கதவைச் சாத்திவிட்டுப் போ, குளிர் வருகிறது."

பாஸ்டன்காரர்களுக்கு இது புதிதில்லை. 1918-க்குப் பிறகு அதுவரை அந்த அணி உலகத் தொடரை வென்றதே இல்லை. வெறுமனே தோற்றிருந்தால் மறந்துபோயிருப்பார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் தோற்பதுதான் அவர்கள் வழக்கம். 1946, 1967, 1975, 1986 என நான்கு முறை உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை போய்த் தோற்றார்கள். 1978-இல் ஜூலையில் யாங்கீஸைவிடப் பதினான்கு ஆட்டங்கள் முன்னால் இருந்தவர்கள் கடைசியில் அதே யாங்கீஸிடம் ஒற்றை ஆட்டத்தில் விழுந்தார்கள். 1986-இல் ஆறாவது ஆட்டம். இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் (மட்டைக்காரர் தவறவிடும் பந்து) விழுந்தால் கோப்பை. விழவில்லை. பிறகு ரெட் சாக்ஸின் பில் பக்னரின் கால்களுக்கிடையே பந்து உருண்டு போனது. அந்த மனிதர் அதன்பின் எத்தனையோ ஆண்டுகள் அந்த ஒரு பந்துக்காகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இதற்கெல்லாம் ஊரில் ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். சாபம். 1919 டிசம்பரில் அணியின் அன்றைய உரிமையாளர் ஹாரி ஃப்ரேஸி, பேப் ரூத் என்ற மகா ஆட்டக்காரரை ஒரு லட்சம் டாலருக்கு யாங்கீஸுக்கு விற்றுவிட்டார். ஃப்ரேஸிக்கு நாடகத் தொழில். அங்கே பணமுடை. ரூத் போனார், வெற்றியும் கூடப் போனது, அவர் விட்ட சாபம்தான் இது என்பது கதை. டான் ஷானெஸி என்ற பத்திரிகையாளர் 1990-இல் அதைத் தலைப்பாக வைத்து ஒரு புத்தகமே எழுதினார். அதற்குப் பிறகு பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்களும் சாபத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

வீட்டுக்காரருக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே எரிச்சல் வரும். "சாபமாம் சாபம்!" என்பார். ஒரு குளிர்கால மாலையில் எனக்கு அவர் சொன்ன கணக்கு வேறு. 1945 ஏப்ரலில் ரெட் சாக்ஸின் ஃபென்வே மைதானத்துக்கு ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின இளைஞரைச் சோதனை ஆட்டத்துக்கு வரவழைத்தார்கள். அன்று அவர் நன்றாக ஆடினார். பிறகு தகவல் சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தார்கள், தகவல் வரவே இல்லை. இரண்டே ஆண்டில் ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ் அவரை இறக்கினார்கள். வரலாறே மாறியது. ரெட் சாக்ஸ் தங்கள் முதல் கறுப்பின ஆட்டக்காரரான பம்ப்சி க்ரீனைச் சேர்த்துக்கொண்டது 1959-இல். எல்லா அணிகளுக்கும் கடைசியாக. "நல்ல ஆட்டக்காரன் வாசலில் வந்து நின்றான், நிறத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தினோம். இது சாபமா? நம் கையாலேயே போட்டுக்கொண்டது" என்றார்.

நான் இன்று உங்களிடம் சொல்ல வந்ததே இந்த இடம்தான். கவலையில் இரண்டு வகை இருக்கிறது. "எங்களுக்கு எழுதிவைத்தது இவ்வளவுதான்" என்று உட்கார்ந்து பெருமூச்சு விடுவது ஒன்று. அதற்கு ஆட்டம் தெரிய வேண்டியதில்லை, ஆட்டக்காரன் பெயர்கூடத் தெரிய வேண்டாம். சோம்பேறியின் கவலை அது. இன்னொன்று, இந்த ஆண்டு இரண்டாம் பேஸில், அதாவது ஓடுகிறவன் தொட வேண்டிய இரண்டாவது முனையில், நிற்கப்போகிறவன் யார், அவனுக்கு வளைந்து வரும் பந்து ஆடத் தெரியுமா என்று தூக்கம் கெடுவது. இது உழைத்துச் சம்பாதித்த கவலை. வயலைப் பார்த்து வைத்திருக்கிறவனுக்குத்தான் எந்த மூலையில் பூச்சி விழும் என்று வயிற்றைக் கலக்கும். தரிசாகப் போட்டுவிட்டு வானத்தைத் திட்டுகிறவனுக்குப் பூச்சியும் தெரியாது, பயிரும் தெரியாது.

வீட்டுக்காரரிடம் ஒரு நோட்டு இருந்தது. நீளமான கணக்குப் பேரேடு, சிவப்புத் துணி முதுகு, மூலைகள் நைந்து பஞ்சு தெரியும். ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் அதில் ஒரு பக்கம் எழுதுவார். தலைப்பில் ஆண்டு மட்டும். கீழே அந்தப் பருவத்துக்கான கவலைகள், வரிசையாக. பேனாவால் எழுதமாட்டார், பென்சில்தான். ஏன் என்று கேட்டேன். கவலை மாறும், அழிக்க வேண்டியிருக்கும் என்றார். பென்சிலைச் சீவ மெஷின் வைத்திருக்கவில்லை. உருளைக்கிழங்கு சீவும் சிறு கத்தியாலேயே சீவுவார், சீவல்கள் மேசைமேல் விழுந்தபடி கிடக்கும். பழைய பக்கங்களைப் புரட்டினால் பாதி வரிகள் ரப்பரால் தேய்த்து மங்கியிருந்தன. மீதி வரிகள் அப்படியே இருந்தன. தேய்க்காதவை எல்லாம் பலித்தவை என்று எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது.

பிப்ரவரியில் ஏன் எழுத வேண்டும்? அந்த மாதத்தில்தான் ஃபென்வே மைதானத்தின் வாசலிலிருந்து ஒரு லாரி கிளம்பும். மட்டை, பந்து, சீருடை எல்லாம் ஏற்றிக்கொண்டு ஃப்ளோரிடா மாநிலத்தின் ஃபோர்ட் மையர்ஸ் ஊருக்கு, வசந்தப் பயிற்சிக்குப் போகும். பனியில் நின்று அந்த லாரிக்குக் கையசைக்க ஆட்கள் வருவார்கள். ஒரு சரக்கு லாரிக்கு! நான் சிரித்தேன். அடுத்த ஆண்டு நானும் போய் நின்றேன்.

2004-இன் குளிர்காலத்தைச் சும்மா சொல்லக்கூடாது. ஜனவரியில் மூக்குமயிர் உறையும் குளிர். காலையில் நானும் அவரும் சேர்ந்து வாசல் பனியை மண்வெட்டியால் வாருவோம். அவர் வாருவதைவிடப் பேசுவது அதிகம். பிப்ரவரி முதல் நாள் பாஸ்டனின் அமெரிக்கக் கால்பந்து அணியான பேட்ரியட்ஸ் சூப்பர் பௌல் ஜெயித்தது, ஊரே தெருவில் இறங்கிக் கூத்தாடியது. வீட்டுக்காரர் அன்று பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

அந்த ஆண்டுப் பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய மனப்பாடம்.

முதல் வரி, நோமார். நோமார் கார்சியாபாரா அணியின் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நின்று பந்தைத் தடுப்பவர்), ஊரின் செல்லப்பிள்ளை. அந்தக் குளிர்காலத்தில் என்ன நடந்தது என்றால், நிர்வாகம் டெக்சாஸ் அணியிடமிருந்து அலெக்ஸ் ரோட்ரிகஸைக் கொண்டுவரப் பார்த்தது. பத்து ஆண்டுக்கு 252 மில்லியன் டாலர் ஒப்பந்தம் கொண்ட மனிதர். அவர் வந்தால் அவரும் ஷார்ட்ஸ்டாப், நோமாருக்கு இடமில்லை. ஆட்டக்காரர்களைக் கைமாற்றும் இந்தப் பேரம் நம் மாட்டுத்தாவணியில் துண்டுக்கடியில் விரல் பிடிப்பது போலத்தான். மாட்டுக்குக் கடைசியில்தான் தெரியும். இங்கே மாடு பத்திரிகை படிக்கிறது, அதுதான் சிக்கல். ரோட்ரிகஸின் சம்பளத்தைக் குறைத்தால்தான் பேரம் படியும் என்ற நிலை. ஆட்டக்காரர் சங்கம் அதற்கு ஒப்பவில்லை. டிசம்பரில் பேரம் முறிந்தது. ஆனால் விற்கப் பார்த்தார்கள் என்பது நோமாருக்குத் தெரிந்துபோயிற்று. "கால் நொந்தால் மருந்திருக்கிறது, மனம் நொந்தால்?" என்பது வீட்டுக்காரரின் கேள்வி.

இரண்டாம் வரி மேனி ரமிரெஸ். மட்டையடியில் சூரர், மற்றபடி அவர் தனி உலகம். அக்டோபர் முடிவில் நிர்வாகம் அவரை "யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள், சம்பளத்தை மட்டும் நீங்கள் கொடுத்துவிடுங்கள்" என்று பட்டியலில் போட்டது. ஒரு அணிகூடக் கை தூக்கவில்லை. அப்படித் திரும்பி வந்தவன் எந்த முகத்தோடு ஆடுவான்?

பிறகு பெட்ரோவின் தோள். பிறகு, அணியின் தூண்கள் நான்கு பேருக்கு (பெட்ரோ, நோமார், கேட்சர் வேரிடெக், பிட்சர் டெரிக் லோ) ஒரே ஆண்டில் ஒப்பந்தம் முடிகிறது என்பது. புது மேனேஜர் டெர்ரி ஃப்ராங்கோனா ஒரு வரி: ஃபிலடெல்ஃபியாவில் நான்கு ஆண்டு இருந்தார், நான்கிலும் வெற்றியைவிடத் தோல்வி அதிகம். கிரேடி லிட்டிலை அனுப்பிவிட்டு இவரையா? இரண்டாம் பேஸுக்கு மார்க் பெல்ஹார்ன் என்றொருவர் வந்திருந்தார். அவர் பெயருக்கு எதிரே கேள்விக்குறி மட்டும் இரண்டு.

நல்லது எதுவுமே இல்லையா என்று கேட்டேன். இருந்தது. அரிசோனாவிலிருந்து கர்ட் ஷில்லிங் என்ற பெரும் பிட்சர் நவம்பர் கடைசியில் வந்தார். முப்பது வயதுகூட நிரம்பாத பொது மேலாளர் தியோ எப்ஸ்டீன் நன்றி தெரிவிக்கும் நாளன்று ஷில்லிங்கின் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேசி முடித்த காரியம் அது. ஆட்டத்தை முடித்துவைக்க கீத் ஃபோக் வந்தார். வீட்டுக்காரர் இவற்றை எழுதவில்லை. நல்லதை எழுதினால் கண்பட்டுவிடும் என்று அவருக்கு எண்ணம். சாபத்தை நம்பாத மனிதர்! நான் சுட்டிக்காட்டினேன். இது வேறு என்றார்.

பிப்ரவரி நடுவில் அந்தச் செய்தி வந்தது. ஏரன் பூனை ஞாபகம் இருக்கிறதல்லவா, அந்த ஹோம் ரன் அடித்தவர். ஜனவரியில் கூடைப்பந்து ஆடும்போது முழங்காலை உடைத்துக்கொண்டார். மூன்றாம் பேஸுக்கு யாங்கீஸுக்கு ஆள் தேவைப்பட்டது. யாரைப் பிடித்தார்கள்? அதே ரோட்ரிகஸை. நாம் பிடிக்கப் பார்த்துக் கைநழுவியவரை. நம்மைக் கொன்றவன் கால் ஒடிந்ததிலும் ஆதாயம் அவர்களுக்கே. வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, நோட்டை எடுத்து, கடைசியில் ஒரு வரி சேர்த்தார். "யாங்கீஸ்" என்று மட்டும். அன்று அவர் சாபத்தைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். மூன்றாம் பேஸ் பக்கமே இனி பந்தை அடிக்கவேண்டும், ரோட்ரிகஸுக்கு அது பழக்கமில்லாத இடம், முதல் மாதத்தில் தடுமாறுவான் என்றார்.

மார்ச்சில் நோமாரின் குதிகால் தசைநாணில் காயம். ஜூன் வரை ஆடவில்லை. ஏப்ரல் 4, முதல் ஆட்டம், பால்டிமோரில். பெட்ரோ எறிந்தார். 7–2 என்று தோற்றோம். வீட்டுக்காரர் ரப்பரை எடுக்கவே இல்லை.

அந்த ஆண்டு என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். புத்தகங்கள் ஏராளம் வந்துவிட்டன, எல்லாமே கொஞ்சம் தேன் தடவியவை. ஜூலை 31 அன்று, பேரம் முடியும் கடைசி நாளில், நோமாரை உண்மையாகவே கைமாற்றினார்கள். சிகாகோவுக்கு. ஊர் அழுதது. அதே நாளில் டாட்ஜர்ஸிடமிருந்து டேவ் ராபர்ட்ஸ் என்ற ஆட்டக்காரரையும் வாங்கினார்கள். வேகமாக ஓடுவார், மற்றபடி பெரிய பேர் இல்லை. செய்தித்தாளில் நோமாரைப் பற்றி ஒரு பக்கம், இவருக்கு இரண்டு வரி.

அக்டோபரில் மறுபடி யாங்கீஸ். முதல் மூன்று ஆட்டங்களும் போயின. மூன்றாவது 19–8. சொந்த மண்ணில், ஃபென்வேயில். ஏழு ஆட்டத் தொடரில் மூன்று தோற்றபின் மீண்டு வந்த அணி அதுவரை அமெரிக்கப் பேஸ்பால் வரலாற்றில் இல்லை. நான்காவது ஆட்டம் அக்டோபர் 17. ஒன்பதாவது இன்னிங்ஸ், யாங்கீஸ் 4–3 என்று முன்னால், எறிபவர் மரியானோ ரிவேரா. ஆட்டத்தை முடித்துவைப்பதில் அவரைப்போல் யாரும் பிறக்கவில்லை. நம் கெவின் மில்லார் நான்கு தவறான பந்துகளுக்கு அசையாமல் நின்று முதல் பேஸுக்குப் போனார். அவருக்குப் பதிலாக ஓட ராபர்ட்ஸை அனுப்பினார் ஃப்ராங்கோனா.

அவர் எதற்கு வந்தார் என்று மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ரிவேராவுக்கும் தெரியும். மூன்று முறை முதல் பேஸுக்கே பந்தை எறிந்து அவரை மடக்கப் பார்த்தார். அதன்பின் மட்டைக்காரருக்கு எறிந்த முதல் பந்திலேயே ராபர்ட்ஸ் கிளம்பிவிட்டார். இரண்டாம் பேஸில் தலைகுப்புற விழுந்தபோது அவர் கைக்கும் யாங்கீஸின் ஜீட்டரின் கையுறைக்கும் இடையே நூலிழைதான். பிழைத்தார். நம் பில் மில்லர் அடித்த அடியில் ஓடி வந்து சமன் செய்தார். பன்னிரண்டாவது இன்னிங்ஸில், நள்ளிரவு ஒன்றேகால் மணிக்கு மேல், நம் டேவிட் ஓர்ட்டிஸ் அடித்து முடித்தார். அதற்குப் பிறகு மூன்று இரவுகளில் நடந்ததை உலகம் அறியும். ஷில்லிங்கின் கணுக்கால் தசைநாண் கழன்றுவிட, மருத்துவர் இறந்தவர் உடலில் ஒத்திகை பார்த்துவிட்டு வந்து, தோலைத் தைத்து அதை நிறுத்தினார். ரத்தம் ஊறிய காலுறையோடு அவர் எறிந்தார். ஏழாவது ஆட்டத்தில் யாங்கீஸை 10–3 என்று அவர்கள் மண்ணிலேயே தோற்கடித்தோம். உலகத் தொடரில் செயின்ட் லூயிஸை நான்குக்குப் பூஜ்யம். அக்டோபர் 27, அன்றிரவு முழுச் சந்திர கிரகணம் வேறு. 86 ஆண்டுகள்.

இப்போது அந்தப் பக்கத்தைத் திரும்பப் பாருங்கள். யாருக்கும் வேண்டாதவராகத் திரும்பி வந்த மேனி, உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர். பெல்ஹார்ன் அந்தப் பருவத்தில் 177 முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனார், அமெரிக்கன் லீகிலேயே அதிகம். கேள்விக்குறி இரண்டும் நியாயம்தான். ஆனால் யாங்கீஸோடு ஆறாவது ஆட்டத்தில் ஹோம் ரன், ஏழாவதில் ஹோம் ரன், உலகத் தொடரின் முதல் ஆட்டத்தை வென்று தந்த ஹோம் ரன், மூன்றும் அவருடையவை. ஃப்ராங்கோனாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நோமார் பற்றிய கவலை அச்சாகப் பலித்தது, அணி அவர் இல்லாமலே ஜெயித்தது. எல்லாவற்றையும் திருப்பிப் போட்ட ராபர்ட்ஸோ பிப்ரவரியில் பட்டியலிலேயே இல்லை. இருக்க முடியாது, அவர் அப்போது லாஸ் ஏஞ்சலஸில் இருந்தார்.

அப்படியானால் பட்டியல் வீண்தானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். வீட்டுக்காரருக்குக் கேள்வியே புரியவில்லை. ஜோசியம் பார்க்கவா எழுதினேன் என்றார். ராபர்ட்ஸ் ஓடிய அந்த நான்கு நொடியில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தது, அந்தத் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். உண்மை. அந்த இரவில் அவர் சமையலறையில் நான் பார்த்தது கண்களை மூடி வேண்டிக்கொண்டிருந்த ஆளை இல்லை. ரிவேரா முதல் பேஸுக்கு மூன்றாம் முறை எறிந்ததும், "அடுத்தது மட்டைக்குத்தான், போவான் பார்" என்று முணுமுணுத்தவரை. ஆண்டு முழுக்க உள்ளங்கால் முதல் தோள்பட்டை வரை ஓர் அணியைக் கவலைப்பட்டுக் கவலைப்பட்டே கற்றிருந்தார். அதனால் மகிழ்ச்சி வந்தபோது அவருக்கு முழுசாக வந்தது. எனக்குக் கொஞ்சம் குறைவாகவே வந்தது. நான் ஐந்து வருஷத்து ரசிகன்.

வெற்றி ஊர்வலத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம். நாங்கள் போகவில்லை. அதற்கு முன்பே ஒரு காலை, என் காரில் அவரைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப்போனேன். அவருடைய அப்பா 1918-ஐ இளைஞராகப் பார்த்தவர், பிறகு ஒன்றும் பார்க்காமல் போனவர். எங்களுக்கு முன்பே ஆட்கள் வந்து போயிருந்தார்கள். அங்கங்கே கல்லறைகள்மேல் ரெட் சாக்ஸ் தொப்பிகள், அன்றைய செய்தித்தாள்கள். காற்றில் பறக்காமலிருக்க ஒவ்வொரு தாள்மேலும் ஒரு கல். வீட்டுக்காரர் தன் தாளை விரித்து வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அதைத் திருப்பி விளையாட்டுப் பக்கத்தில் ஆட்ட விவரம் மேலே தெரியும்படி மடித்து வைத்தார். தலைப்புச் செய்தி மட்டும் அப்பாவுக்குப் போதாது என்றார்.

அவ்வளவுதான் கதை என்று முடித்துவிடலாம். ஆனால் நான் பேச வந்தது பிப்ரவரியைப் பற்றி.

2005 ஜனவரி கடைசியில் பெரும் பனிப்புயல். கார்கள் மூடிப்போயின. இரண்டு வாரம் கழித்து வாடகை கொடுக்கக் கீழே போனேன். சமையலறையில் அதே மேசை, அதே நோட்டு, புதுப் பக்கம். தலைப்பில் 2005. எனக்கு வேடிக்கையாக இருந்தது. 86 ஆண்டுக் கடன் அடைந்துவிட்டது, இனி என்ன கவலை என்று கேட்டேன். அவர் நோட்டை என் பக்கம் திருப்பினார். பெட்ரோ நியூயார்க் மெட்ஸுக்குப் போய்விட்டார். லோ போய்விட்டார். ஷில்லிங் கணுக்காலில் அறுவைசிகிச்சை, ஏப்ரலுக்குள் தேறுவாரா? எல்லாவற்றுக்கும் மேலே முதல் வரி: ஷார்ட்ஸ்டாப், எட்கர் ரென்டரியா.

ரென்டரியாவை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அக்டோபர் 27 இரவு செயின்ட் லூயிஸ் அணிக்காகக் கடைசியாக மட்டை பிடித்தவர். அவர் அடித்த பந்து ஃபோக்கின் கையில் உருண்டு வந்ததால்தான் நாம் ஜெயித்தோம். டிசம்பரில் நம் அணி அவரையே வாங்கிவிட்டது. நல்ல ஆட்டக்காரர்தானே என்றேன்.

"நல்லவன்தான். ஆனால் ஃபென்வே தரை வேறு, பந்து எகிறும். தவறுகள் செய்வான், பார்" என்றார். பிறகு அடுத்த வரிக்குப் பென்சிலை வைத்தவர் நிறுத்திவிட்டு, அதன் முனையைப் பார்த்தார். அந்தக் கத்தி எங்கே, பின்னால் கழுவுதொட்டியில் கிடக்கும், எடுத்துக்கொண்டு வா என்றார்.